உட்கரு இல்லாத படம்

மருதங்காவூர்த் திருமடத்துப் பெண்கள் பள்ளியில் ஒரு நுண்ணோக்கி இருந்தது. இருபத்தேழு ஆண்டுகளில் அதைப் பார்க்காதவர் ஊரில் இல்லை. அதன் வழியாக எதையும் பார்த்தவரும் இல்லை.

சரசுவதி பூசையன்று அது பீரோவை விட்டு வெளியே வரும். அறிவியல் ஆசிரியர் அம்பலவாணர் நீராடி, திருநீறு அணிந்து, தம் கையாலேயே அதைத் துடைப்பார். சந்தனமும் குங்குமமும் இடுவார். செவ்வந்தி சூட்டுவார். மாணவியர் வரிசையாக வந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். மறுநாள் அது மீண்டும் உள்ளே போய்விடும். சாவி அவர் இடுப்பில் இருக்கும்.

ஆனாலும் வெங்காயத் தோலின் செல்லை அவரைப்போல் நடத்த அந்த வட்டாரத்தில் ஆளில்லை என்று பெயர். வண்ணச் சுண்ணக்கட்டியால் கரும்பலகையில் வரைவார். செங்கல் அடுக்கியதுபோல் அறைகள் எழும். ஒவ்வோர் அறைக்குள்ளும் ஒரு புள்ளி வைப்பார். அதுதான் உட்கரு. அந்தப் புள்ளியை வைக்கும்போது மட்டும் அவர் கை சற்றுத் தயங்கி இறங்கும். மாணவியர் பலகையைப் பார்த்துத் தத்தம் பதிவேட்டில் வரைந்துகொள்வார்கள். எவருக்கும் மதிப்பெண் குறைந்ததில்லை.

அந்த ஆண்டு மாசி மாதத்தில் தலைமையாசிரியை கமலவேணி அவரை அழைத்தார்.

"சார், பதினொன்றாம் வகுப்பு அறிவியல் பிரிவு கேட்டு எழுதிப்போட்டோமில்ல? மாவட்டத்துலேருந்து அதிகாரி வர்றாராம். இன்னும் பன்னிரண்டு நாள்."

"வரட்டும்மா. கரும்பலகைக்குப் புதுசா மை பூசியாச்சு."

"பலகையைப் பாக்க வரல சார். பிள்ளைங்க மைக்ராஸ்கோப்புல பாக்குறதை அவர் பாக்கணுமாம். அது நடக்கலேன்னா அனுமதி இல்லையாம்."

அம்பலவாணரின் கை இடுப்புச் சாவிக்குப் போனது.

கமலவேணி மேசைமேல் இருந்த தாளை அவர் பக்கம் திருப்பினார். பத்தாம் வகுப்பில் அறிவியல் பிரிவை விரும்பிய பெண்களின் பட்டியல் அது. பதினான்கு பெயர்கள். வேறு பள்ளி வேண்டுமென்றால் இரண்டு பேருந்து மாறிப் போகவேண்டும். ஐந்து தகப்பன்மார் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்: இங்கேயே என்றால் படிக்கட்டும், வெளியூர் என்றால் படித்தவரை போதும்.

அந்த ஐவரின் மகள்களில் முதல் பெயர் பூங்கோதை. வகுப்பில் கேள்வி கேட்கிறவள் அவள் ஒருத்திதான்.

அன்று மாலை பள்ளி விட்டபின் அம்பலவாணர் பீரோவைத் திறந்தார். நுண்ணோக்கியை வணங்கி வெளியே எடுத்தார். வெங்காயத்தின் உள்தோலை உரித்துக் கண்ணாடித் தகட்டில் வைத்தார். குனிந்து பார்த்தார்.

மார்கழி விடியற்காலைப் பனிபோல் ஒரு சாம்பல் மூட்டம் தெரிந்தது. திருகை முன்னே திருப்பினார், பின்னே திருப்பினார். மூட்டம் விலகவில்லை.

குறை கருவியில் இருக்கலாம் என்ற நினைவே அவருக்கு எழவில்லை. ஆண்டுதோறும் பூசை கண்ட பொருளில் குறை ஏது? தம் கண்தான் போய்விட்டது என்று முடிவு கட்டினார்.

மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார். மருத்துவர் இமையை விலக்கிப் பார்த்தார். எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்.

"கண்ணுல ஒண்ணுமில்ல சார். இந்த வயசுக்கு நல்லாவே இருக்கு."

நல்ல செய்திதான். ஆனால் அவருக்கு அது ஆறுதலாக இல்லை. திரும்பி நடக்கையில் ஆய்வகத்தின் கதவு திறந்திருந்தது. உள்ளே முப்பது வயது மதிக்கத்தக்க பெண்ணொருத்தி நுண்ணோக்கியின்மேல் குனிந்திருந்தாள். இடக்கை திருகில் இருந்தது. வலக்கை, தலை நிமிராமலே, தாளில் கோடு போட்டுக்கொண்டிருந்தது. ஆய்வக நுட்புநர் தவமணி அவள். இரத்தமும் சளியும் தடவிய கண்ணாடித் தகடுகளை நாளொன்றுக்கு நாற்பது பார்ப்பவள்.

அம்பலவாணர் வாசலில் நின்றார்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"ரிசல்ட்டா? பேரைச் சொல்லுங்க."

"ரிசல்ட் இல்லைம்மா. அதுல எப்படிப் பாக்குறது?"

அவள் அப்போதுதான் நிமிர்ந்தாள்.

"நீங்க மடத்துப் பள்ளிக்கூடத்து அம்பலவாணர் சார்தானே? எங்க சித்தி மக உங்ககிட்டதான் படிச்சா. செல்லுன்னா அம்பலவாணர் சார்தான்னு இன்னும் சொல்லிக்கிட்டிருக்கா."

"செல்லை வரையத் தெரியும்மா. பாக்கத் தெரியாது."

தம் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததை எண்ணி அவரே வியந்தார்.

தவமணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "நாளைக்கு நாலு மணிக்கு மேல வாங்க. வெங்காயம் கொண்டாங்க."

மறுநாள் நான்கு வெங்காயத்தைத் துணிப்பையில் இட்டு அம்பலவாணர் வந்தார். வெளி பெஞ்சில் மருந்துச் சீட்டோடு உட்கார்ந்திருந்த ஒருவர் பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், ஆஸ்பத்திரியில சாம்பாரும் ஊத்த ஆரம்பிச்சுட்டாங்களா?"

"எனக்குத்தான்யா வைத்தியம்," என்று சொல்லி உள்ளே போனார் அம்பலவாணர்.

ஆய்வகத்தில் உயரமான முக்காலி ஒன்றும் தாழ்ந்த முக்காலி ஒன்றும் இருந்தன. உயர்ந்ததில் தவமணி உட்கார்ந்திருந்தாள். அவர் தாழ்ந்ததில் அமர்ந்தார். இளையவர் சொல்ல முதியவர் கேட்பது இந்த மண்ணுக்குப் புதிதன்று. இறைவனே தம் மகனிடம் அப்படிக் கேட்டதாகத்தான் நம் பெரியோர் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே அவருக்கு அதில் குறைவு தோன்றவில்லை.

தவமணி ஒரு வெங்காயத்தை அரிந்தாள். உள்தோலை உரித்தாள். கருவியின் பக்கம் திரும்பிக் கைகளை அசைத்தாள். பிறகு எழுந்து முக்காலியை அவருக்கு விட்டாள்.

"பாருங்க சார். என்ன தெரியுது?"

அம்பலவாணர் குனிந்தார். வெளிச்சம் நிறைந்த வட்டம் ஒன்று தெரிந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை. கண் சரியில்லை என்று இவள் சொல்லிவிடுவாளோ என்ற அச்சம் அவரைப் பற்றியது. அச்சத்தில் வாய் தானே திறந்தது.

"வரிசை வரிசையா செல்கள்... செல்சுவர் தெளிவா இருக்கு... நடுவுல உட்கரு. கொஞ்சம் மங்கல்தான்."

"உட்கரு தெரியுதா?"

"தெரியுதும்மா."

"எத்தனை?"

"ஒவ்வொன்றுக்கும் ஒண்ணு."

தவமணி தன் இடக்கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அந்தக் கையில் கண்ணாடித் தகடும், அதன்மேல் வெங்காயத் தோலும் இருந்தன.

"இதை இன்னும் நான் வைக்கவே இல்ல சார்."

அம்பலவாணர் எழுந்தார். பையை எடுத்துக்கொண்டார். வெளியேறினார்.

அன்றிரவு அவர் உண்ணவில்லை. அதிகாலையில் கோயிலுக்குப் போய்ச் சந்நிதியில் நின்றார். கண்ணை மூடினால் லிங்கத் திருமேனி தெரிந்தது. திறந்தாலும் தெரிந்தது. இவற்றில் எது பார்த்தது, எது நினைத்தது என்று முதன்முறையாக ஐயம் வந்தது. வெகுநேரம் நின்றார்.

மாலை நான்கு மணிக்குத் துணிப்பையோடு மீண்டும் ஆய்வக வாசலில் இருந்தார்.

தவமணி முதல்நாள் நடந்ததைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. "வாங்க சார்," என்றாள். "இன்னிக்கு ஸ்லைடு இருக்கு."

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

"முதல்ல பக்கவாட்டுல குனிஞ்சு பாருங்க. லென்ஸ் ஸ்லைடைத் தொடுற மாதிரி வர்ற வரைக்கும் இறக்குங்க. தொடக்கூடாது. அப்புறம் கண்ணை வச்சு மெதுவா மேல தூக்குங்க. பாத்துக்கிட்டே இறக்காதீங்க."

"ஏன்மா? எப்படித் திருப்பினாலும் ஒரே திருகுதானே?"

"தூக்குறப்போ தப்பினா பாக்குற காட்சி போகும். திரும்பத் தேடிக்கலாம். இறக்குறப்போ தப்பினா லென்சே போகும்."

அவர் அப்படியே செய்தார். கறுப்பு முட்கள் போன்ற சில தெரிந்தன.

"ஏதோ கம்பி கம்பியா தெரியுது."

"உங்க கண்ணிமை சார். கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

அவர் தள்ளினார். திருகை மெல்லத் தூக்கினார். மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு வட்டம் எழுந்து வந்தது. கரிய தடித்த விளிம்பு. நடுவே பளிச்சென்ற ஒளி. அம்பலவாணருக்கு உடல் சிலிர்த்தது. கைகள் தாமே குவிந்தன.

"தெரியுது தாயே! செல் தெரியுது! இத்தனை வட்டமாவா இருக்கும்?"

தவமணி குனிந்து பார்த்தாள்.

"காத்துக்குமிழி சார்."

அவர் குவித்த கைகள் அப்படியே நின்றன.

"கும்பிட்டதைத் திருப்பி எடுக்க வேணாம்," என்றாள் அவள். "நல்லாத்தான் தெரியுது. தெரிஞ்சதை வரைங்க."

அவர் பென்சிலை எடுத்தார். கை தன் வழக்கப்படி ஓடியது. செங்கல் அடுக்கு எழுந்தது. அறைகளுக்குள் புள்ளிகள் விழுந்தன. தவமணி ஒரு புள்ளியின்மேல் விரலை வைத்தாள்.

"இந்தப் புள்ளி எங்க இருக்கு? காட்டுங்க."

அவர் மீண்டும் பார்த்தார். அழிப்பானைக் கேட்டார். ஒவ்வொன்றாக அழித்தார். தாளில் கடைசியாக ஒரு வட்டம் மட்டும் மிஞ்சியது. விளிம்பு கறுப்பு, நடு வெள்ளை.

"இதுக்கு என்னன்னு எழுதட்டும்?"

"காத்துக்குமிழின்னு எழுதுங்க. காத்துக்குமிழியை இவ்வளவு அழகா யாரும் வரைஞ்சு நான் பாத்ததில்ல."

அடுத்த நாள், தோலின்மேல் இடும் மெல்லிய மூடுகண்ணாடியை ஊசிமுனையில் சாய்த்து, ஒரு பக்கமாக மெல்லப் படியவிடக் கற்றார். குமிழிகள் குறைந்தன. அதற்கடுத்த நாள் அயோடின் ஒரு சொட்டு இட்டுச் சாயம் ஏற்றக் கற்றார். அன்று மாலை ஐந்து மணி இருக்கும். அவர் நெடுநேரம் நிமிரவில்லை. தவமணி அடுத்த மேசையில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சார், சத்தத்தையே காணோம்?"

"ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இருக்கும்மா," என்றார் அவர். "நான் எல்லாத்தையும் ஒரே அளவா வரைஞ்சுட்டேன். ஒண்ணு நீளம். ஒண்ணு கோணல். உட்கரு நடுவுல இல்லவே இல்லை. சுவரோரமா ஒதுங்கி நிக்குது."

"எத்தனை வருஷமா வரைஞ்சீங்க?"

"இருபத்தேழு."

"நாளைக்கு உங்க பள்ளிக்கூடத்து மைக்ராஸ்கோப்பைக் கொண்டாங்க," என்றாள் அவள்.

மறுநாள் அம்பலவாணர் அதைப் பட்டுத்துணியில் சுற்றி, மிதிவண்டியில் வைக்க மனமில்லாமல், மார்பில் அணைத்து நடந்தே வந்தார். தவமணி துணியை விலக்கினாள். கருவியைச் சாய்த்தாள். அதன் கீழ்ப்பகுதியில் மூன்று லென்ஸ் வில்லைகள் இருந்தன. மூன்றின் முனையிலும் காய்ந்து வெடித்த சந்தனம் அப்பியிருந்தது. சந்தனத்தின் நடுவே குங்குமம்.

"சார், இது என்ன?"

"அதற்கு மூணு கண்ணில்லையா அம்மா," என்றார் அம்பலவாணர். "முக்கண்ணனாகவே பாவித்து, ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு பொட்டு வைத்தேன். ஒரு வருஷமும் தவறினதில்லை."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றார். பனிமூட்டம் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. முகம் வாடியது.

"பக்தியிலதான் வைத்தேன் அம்மா."

"அது தெரியுது சார். ஆனா கண்ணுக்குள்ள யாராச்சும் பொட்டு வைப்பாங்களா? நெத்தியிலதானே வைப்பாங்க?"

அம்பலவாணர் கருவியையே பார்த்தார்.

அவள் பஞ்சை நீரில் நனைத்து ஒவ்வொரு வில்லையின்மேலும் வைத்தாள். அவர் நகத்தால் சுரண்டப் போனார். அவள் அவர் கையை விலக்கினாள். "ஊறட்டும் சார். இத்தனை வருஷம் ஒட்டினது ஒரு நிமிஷத்துல வராது." ஒரு மணி நேரம் ஊறியது. மென்மையான தாளால் வட்டமாகத் துடைத்தாள். இரண்டு வில்லைகள் தெளிந்தன. மூன்றாவதில் குங்குமத்தின் கறை கண்ணாடியிலேயே இறங்கியிருந்தது.

"இது இனிமே ஆகாது."

அவர் கண் கலங்கினார்.

"ரெண்டு கண்ணு போதும் சார். நமக்கும் ரெண்டுதான்." பிறகு கருவியின் வளைந்த கைப்பிடியைத் தொட்டுக் காட்டினாள். "அடுத்த பூசைக்குப் பொட்டை இங்க வைங்க. இதுதான் நெத்தி."

எஞ்சிய நாட்களில் பள்ளியின் கிழக்குச் சன்னலோரம் மேசை போடப்பட்டது. கருவியின் அடியில் இருந்த சிறு ஆடி சன்னலின் வெளிச்சத்தை வாங்கி மேலே அனுப்பியது. பதினான்கு பெண்களும் உரித்தார்கள், சாய்த்தார்கள், சொட்டு விட்டார்கள், பார்த்தார்கள். காற்றுக்குமிழியைக் கண்டு கூவினார்கள். கண்ணிமையைக் கண்டு பயந்தார்கள். அம்பலவாணர் கரும்பலகைப் பக்கமே போகவில்லை.

"பாத்ததை வரைங்க," என்று மட்டும் சொன்னார். "பாக்காததை வரையாதீங்க."

"புஸ்தகத்துல இருந்தா?" என்றாள் பூங்கோதை.

"இருந்தாலும்."

அதிகாரி வந்த நாளில் வெயில் நன்றாகவே இருந்தது. கண்ணாடி அணிந்த, அதிகம் பேசாத மனிதர் அவர். வாசலில் ஜீப்பின் எஞ்சினை நிறுத்தாமல் உறுமவிட்டபடியே வகுப்புக்குள் வந்தார். வருகைப் பதிவேட்டில் விரலை ஓடவிட்டு ஒரு பெயரில் நிறுத்தினார்.

"பூங்கோதை யாரு? நீ வாம்மா. மத்தவங்க உக்காருங்க. சார், நீங்க கிட்ட போகாதீங்க."

பூங்கோதை எழுந்து வந்தாள். ஒருமுறை அதிகாரியைத் திரும்பிப் பார்த்தாள். தோலை உரித்தாள். நீர் இட்டாள். மூடுகண்ணாடியைச் சாய்த்து இறக்கினாள். குனிந்து பார்த்தாள். அதன்பின் அதிகாரியைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு உட்கார்ந்து வரைந்து தாளை நீட்டினாள்.

அதிகாரி பார்த்தார்.

"அறையெல்லாம் சரி. உட்கரு எங்கம்மா?"

"தெரியல சார்."

"உட்கரு உண்டா இல்லையா?"

"உண்டு சார். புஸ்தகத்துல இருக்கு. இதுல தெரியல."

கமலவேணி அதிகாரியின் முதுகுக்குப் பின்னாலிருந்து அம்பலவாணரைப் பார்த்தார். பார்வையால் கெஞ்சினார்.

அதிகாரி தம் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து அம்பலவாணரிடம் நீட்டினார்.

"சரி சார். நீங்களே வந்து பாத்துட்டுத் திருத்திக் குடுத்துடுங்க. எனக்கும் நேரமாச்சு."

அம்பலவாணர் குனிந்து பார்த்தார். நீளமும் கோணலுமாக அறைகள் தெரிந்தன. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. ஏன் என்று அந்தக் கணத்தில் அவருக்குப் புலப்படவில்லை. நிமிர்ந்தார். கையில் பென்சில் இருந்தது. எதிரே தாள் இருந்தது. இருபத்தேழு ஆண்டுகள் அந்தப் புள்ளியை வைத்த கை அது. கண்ணை மூடிக்கொண்டும் வைக்கும். பதினான்கு பெண்கள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் பென்சிலைத் திருப்பிக் கொடுத்தார்.

"எனக்கும் தெரியல சார். அவ பாத்ததைத்தான் வரைஞ்சிருக்கா."

"அப்ப திருத்த மாட்டீங்க?"

"திருத்த என்ன இருக்கு சார்? தப்பு ஒண்ணும் இல்லையே."

அதிகாரி தம் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். எவர் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனார். ஜீப்பின் ஓசை தெருமுனையில் தேய்ந்தது.

கமலவேணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு புள்ளி சார்! ஊசிமுனை அளவு ஒரு புள்ளி! கேட்டதும் வச்சிருந்தா முடிஞ்சுபோற விஷயம். இருபத்தேழு வருஷமா வச்சீங்களே, இன்னிக்கு மட்டும் கை வரலியா?"

அம்பலவாணர் மேசையை ஒழுங்குபடுத்தினார். அயோடின் குப்பி மூடி திறக்கப்படாமல் இருந்தது. பதற்றத்தில் பூங்கோதை சொட்டு விட மறந்திருந்தாள். சாயம் ஏறாத உட்கரு எப்படித் தெரியும்? காரணம் தெரிந்தபின் அவர் துயரம் இரட்டித்தது. பூங்கோதை வாசற்படியில் தலை குனிந்து நின்றிருந்தாள். அவர் அவளைத் தாண்டி இறங்கினார்.

நேரே சுகாதார நிலையத்துக்கு நடந்தார். ஆய்வகத்தின் வெளி பெஞ்சில் மெலிந்த பெண்ணொருத்தி, முந்தானையால் வாயை மூடியபடி காத்திருந்தாள். உள்ளே தவமணி குனிந்திருந்தாள்.

அம்பலவாணர் நடந்ததைச் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை.

"சொல்லு தாயே. ஒரு புள்ளிக்காகப் பதினாலு பிள்ளைகளோட வழியை அடைச்சுட்டேனா?"

தவமணி நிமிரவில்லை.

"உக்காருங்க சார். நான் ஸ்லைடை நகத்துற ஒவ்வொரு தடவையும் எண்ணுங்க. சத்தமா எண்ணுங்க."

அவர் எண்ணினார். ஒன்று. இரண்டு. மூன்று. அவள் ஒவ்வோர் இடத்திலும் நின்று பார்த்துவிட்டு நகர்த்தினாள். முப்பத்தேழு வந்தபோது அவர் நிறுத்தினார்.

"ஏதாவது இருக்காம்மா?"

"இல்ல."

"முப்பத்தேழு இடத்துல இல்லைன்னா இனி எங்க இருக்கப்போவுது? இல்லைன்னு எழுதிடலாமே."

"எண்ணுங்க சார்."

அவர் எண்ணினார். அறுபது. எண்பது. தொண்டை வறண்டது. நூறு வந்தது. தவமணி கண்ணை எடுத்தாள், இமையைத் தேய்த்துக்கொண்டாள். பதிவேட்டில் ஒரு சொல் எழுதி ஒப்பமிட்டாள். எழுந்து வாசலுக்குப் போனாள்.

"அக்கா, சளியில கிருமி இல்ல. ஆறு மாசம் மாத்திரை விடாம சாப்பிட்டீங்கல்ல, சுத்தமா போயிடுச்சு."

அந்தப் பெண் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். "நெசமாவா?" என்றாள். "பிள்ளையைத் தூக்கலாமா?"

"தூக்குங்க."

அவள் கைகூப்பினாள். சிரித்தபடியே அழுதாள். பிறகு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

தவமணி திரும்பி வந்து அடுத்த தகட்டை எடுத்தாள்.

"இல்லைன்னு எழுத நூறு இடம் பாக்கணும் சார். அதான் கணக்கு. அவங்க இப்ப வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்குவாங்க. எதை நம்பித் தூக்குவாங்க?"

அம்பலவாணர் நெடுநேரம் அந்தத் தாழ்ந்த முக்காலியிலேயே இருந்தார். எழுந்தபோது அவர் துயரம் தீர்ந்திருக்கவில்லை. ஆனால் நடை நேராக இருந்தது.

மறுநாள் வகுப்பில் பூங்கோதையிடம் சொன்னார்: "நீ ஒரு சொட்டு மறந்துட்டே. அவ்வளவுதான். படம் சரி."

ஒன்பது நாள் கழித்துத் தபால் வந்தது. கமலவேணி அதை ஒருமுறைக்கு இருமுறை படித்தார். பிறகு ஓட்டமாக வகுப்புக்கு வந்து, பேசமுடியாமல், தாளை அம்பலவாணரிடம் நீட்டினார். அனுமதி கிடைத்திருந்தது. கீழே அதிகாரி தம் கையெழுத்தில் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: "மாணவி கண்டதை வரைந்தாள். பென்சில் கொடுத்தும் ஆசிரியர் புள்ளி வைக்கவில்லை. இங்கு அறிவியல் நடத்தலாம்."

பதினான்கு பெண்களும் எழுப்பிய ஓசையில் மடத்துப் புறாக்கள் எழுந்து பறந்தன. கமலவேணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சத்தம் போடாதீங்கடி," என்று தாமே உரக்கச் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை காலை அம்பலவாணர் தவமணியைப் பள்ளிக்கு அழைத்து வந்தார். அவள் வேண்டாம் என்று சொல்லியும் கமலவேணி மாலை இட்டார். அவள் அதைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"நீங்க நடத்துங்க சார். நான் பாக்குறேன்."

அம்பலவாணருக்கு உற்சாகம் பொங்கியது. கருவியைச் சன்னலோர மேசையில் வைத்தார். பூங்கோதையை அழைத்தார். அவள் தோலை உரித்தாள். இம்முறை அயோடின் சொட்டை மறக்கவில்லை. பக்கவாட்டில் குனிந்து இறக்கினாள்.

அம்பலவாணர் அவளருகே வந்து, சன்னலில் சாய்ந்து நின்று, குனிந்து சொல்லத் தொடங்கினார்.

"மெதுவா தூக்கு. முதல்ல மூட்டமா இருக்கும். அப்புறம் கோடு வரும். சுவரோரமா மஞ்சளா ஒரு புள்ளி தெரியும் பாரு. அதுதான் அன்னிக்கு நீ பாக்காத உட்கரு. தெரியுதா? நல்லா பாரு. தெரியணுமே..."

"இருட்டா இருக்கு சார்," என்றாள் பூங்கோதை.

அவர் திருகைப் பார்த்தார். சரியாக இருந்தது. வில்லையைப் பார்த்தார். தெளிவாக இருந்தது. தகடு நேராக இருந்தது. அடியில் இருந்த ஆடியைத் திருப்பிப் பார்த்தார். வகுப்பு காத்திருந்தது. அவர் நிமிர்ந்து கடைசி பெஞ்சைப் பார்த்துக் கேட்டார்:

"அம்மா, எல்லாம் நீங்க சொன்னபடிதான் வச்சிருக்கேன். இன்னும் ஏன் அவளுக்கு இருட்டாயிருக்கு?"

தவமணி இருந்த இடத்திலிருந்தே சொன்னாள்:

"சன்னலை விட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார். வெளிச்சம் உங்க முதுகுலயே நின்னுடுச்சு."